எனக்கு மட்டும் கேட்ட வீடு

எனக்குக் கண் தெரியாது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் நடுவில் எங்கேயாவது தெரியவந்து, "அடடா, பாவமே" என்று நீங்கள் உச்சுக் கொட்டுவீர்கள், எனக்குக் கோபம் வரும், கதை கெட்டுப்போகும். கொட்டுகிறவர்கள் இப்போதே கொட்டி முடித்துவிடுங்கள். காத்திருக்கிறேன்.

ஆயிற்றா? சரி.

என் வேலை வெப்சைட்டுகளைக் குறை சொல்வது. இதற்குச் சம்பளம் வேறு தருகிறார்கள் என்பதை என் அண்ணியால் இன்றுவரை நம்ப முடியவில்லை. "வீட்ல இதையேதானே சும்மா பண்ணிட்டிருந்த" என்பார். அண்ணன்தான் முதலாளி. கடை, பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று யார் கேட்டாலும் வெப்சைட் செய்து கொடுக்கிற சின்ன கம்பெனி. ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேலே இரண்டு அறைகள். கீழே டாக்டர் டிரில்லைப் போட்டால் மேலே எங்கள் மேஜை அதிரும். மேலே நான் கத்தினால் கீழே வாயைப் பிளந்து படுத்திருக்கிறவர் தூக்கிவாரிப் போட்டு எழுந்துவிடுகிறாராம். டாக்டரே ஒருமுறை மாடியேறி வந்து முறையிட்டிருக்கிறார்.

நான் கத்துவதற்குக் காரணம் இருக்கிறது. என் கம்ப்யூட்டரில் ஒரு குரல் உண்டு. திரையில் இருப்பதையெல்லாம் எனக்குப் படித்துச் சொல்வதுதான் அதன் வேலை. வாய் ஓயாததால் அதற்கு வாயாடி என்று பெயர் வைத்திருக்கிறேன். ஆனால் வாயாடிக்கும் ஒரு எல்லை இருக்கிறது. பக்கத்தைச் செய்தவர் எழுதி வைத்ததைத்தான் அவளால் படிக்க முடியும். பட்டனுக்குப் பெயர் எழுதாமல் ஒரு பொம்மையை மட்டும் ஒட்டிவிட்டுப் போனால், "பட்டன். பட்டன். பட்டன்" என்று மூன்று முறை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வாள். எதை அமுக்கினால் பொருள் வரும், எதை அமுக்கினால் எல்லாம் போகும் என்று ஜோசியம்தான் பார்க்க வேண்டும். ஒரு தடவை மருந்துக் கடை வெப்சைட்டில் இருமல் மருந்து வாங்கப் போய், அந்தக் கடைக்கே வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு வந்தேன். நல்ல வேளையாக அவர்கள் கூப்பிடவில்லை.

எங்கள் டிசைனர் நல்ல பையன். வெள்ளைப் பின்னணியில் வெளிறிய சாம்பல் எழுத்தாக எழுதி, "க்ளீனா இருக்குக்கா" என்று பூரித்துப் போவான். கொஞ்சம் பார்வை மங்கலானவர்களுக்கு அந்தப் பக்கம் வெறும் காகிதம். எதையும் மினுக்கிக் காட்ட வேண்டும் அவனுக்கு, ஆகவே நான் வைத்த பெயர் பளபளா. ஒருநாள் பொறுக்க முடியாமல் ஆபீஸில் இருந்த மவுஸ்களையெல்லாம் பிடுங்கி என் டிராயரில் போட்டுப் பூட்டினேன். "நான் கீபோர்டை மட்டும் வச்சுத்தான் எல்லாம் பண்றேன். நீங்க செஞ்ச பக்கத்துல நீங்களே அப்படிப் போய் ஒரு டிக்கெட் எடுங்க பாப்போம்" என்றேன். மதியத்துக்குள் பளபளாவின் குரல் அழுகிற குரலாகிவிட்டது.

"அக்கா, ஒரு விண்டோ தொறந்துச்சு. மூடவே மாட்டேங்குது. உள்ள மாட்டிக்கிட்டேன்க்கா."

"வா வா. நான் தெனமும் அங்கதான் இருக்கேன்."

அதற்குப் பிறகு அவன் செய்கிற எந்தப் பக்கத்திலும் யாரும் மாட்டிக்கொள்வதில்லை.

இப்படியெல்லாம் நாங்கள் கொஞ்சம் உருப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் வீட்டுத் தரகர் வந்தார். அவருடைய சென்ட் வாசனை அவருக்கு முன்னால் மாடியேறி வந்தது. வாடகைக்கு இருக்கிற வீடுகளையெல்லாம் போட்டோவோடு போட ஒரு வெப்சைட் வேண்டும் என்றார். பளபளா நாலைந்து நாளில் ஒரு மாதிரிப் பக்கம் தயார் செய்தான். தரகரைப் பக்கத்தில் உட்காரவைத்து நான் திறந்தேன்.

"படம். ஹால் புதுசு கடைசி இரண்டு" என்று ஃபைலுக்குப் பளபளா வைத்த பெயரை அப்படியே படித்தாள் வாயாடி. "படம். கிச்சன் கடைசி உண்மையிலேயே கடைசி. படம். பெயரில்லை. படம். பெயரில்லை."

"இதுல ஒரு வீடாவது இருக்கா சார்?" என்று கேட்டேன். "போட்டோவுல என்ன இருக்குன்னு எழுதினாத்தானே எனக்குத் தெரியும்."

தரகர் நெளிந்தது நாற்காலி முனகியதில் தெரிந்தது. "தப்பா நினைக்காதீங்கம்மா. கண்ணு தெரியாதவங்க போட்டோவ வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறாங்க?"

"தப்பாத்தான் நினைக்கிறேன். நாங்களும் வீட்டுக்குள்ளதான் சார் குடியிருக்கோம். மரத்துல இல்ல."

கீழே டிரில் கூட நின்றுபோனது. பிறகு தரகர் விழுந்து விழுந்து சிரித்தார். "எழுதிடுங்கம்மா, தாராளமா எழுதிடுங்க" என்றார். நல்ல மனுஷன்தான்.

இங்கே ஒரு விஷயத்தை விளக்கிவிடுகிறேன். ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரு விவரம் எழுதி வைக்கலாம். எங்கள் தொழிலில் அதை ஆல்ட் டெக்ஸ்ட் என்பார்கள். கண் தெரிகிறவர்களுக்கு அது திரையில் வராது. வாயாடி மாதிரிக் குரல்கள் மட்டும்தான் அதைப் படிக்கும். அதாவது படத்தைப் பார்க்கிறவருக்கு விவரம் தெரியாது, விவரத்தைக் கேட்கிறவருக்குப் படம் தெரியாது. இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

விவரங்களைத் தானே எழுதுவதாக அண்ணன் ஒப்புக்கொண்டான். எழுதினான் பாருங்கள், அசந்துபோனேன். "சமையலறை. ஜன்னலுக்குக் கீழே பாத்திரம் கழுவும் தொட்டி. அடுப்பு மேடை இடது பக்கம், இடுப்பு உயரம். மேல் அலமாரியின் ஒரு கதவு சரியாக மூடவில்லை." அந்த மூடாத கதவுக்காகவே அண்ணனைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. பளபளாவிடம் விட்டிருந்தால் 'அழகான சமையலறை' என்று எழுதியிருப்பான். அழகை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

இப்படி வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருந்ததில் எனக்குள் ஒரு ஆசை கிளம்பிவிட்டது. கிளம்பிவிட்டது என்ன, ரொம்ப நாளாக உள்ளே இருந்ததுதான். எனக்கென்று ஒரு வீடு வேண்டும்.

அண்ணன் வீட்டில் எனக்கு என்ன குறை என்றால், ஒரு குறையும் இல்லாததுதான் குறை. நான் முப்பதைத் தாண்டியவள். இன்னும் என் பிரஷ்ஷில் அண்ணன்தான் பேஸ்ட் வைத்துக் கொடுக்கிறான். முட்டை வைத்தால் உரித்து, துண்டு போட்டு, உப்புத் தூவித் தட்டில் வைப்பான். நான் தெருமுனைக் கடைக்குப் போனால் பத்தடி பின்னால் செருப்புச் சத்தம் வரும். திரும்பி "அண்ணா" என்று கூப்பிட்டால் சத்தம் நின்றுவிடும். கண்ணை மூடும்போது அம்மா, "தங்கச்சியப் பாத்துக்கோடா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அண்ணன் அதை அப்படியே எடுத்துக்கொண்டு அன்றிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அவன் மேல் எனக்கு உயிர். அதனால்தான் இன்னும் மூச்சு முட்டியது.

ஒருநாள் சாப்பிடும்போது பேச்சை எடுத்தேன்.

"அண்ணா, நான் தனியா ஒரு வீடு பாத்துப் போகலாம்னு இருக்கேன்."

அவன் கையிலிருந்த ஸ்பூன் தட்டில் நின்றது. அண்ணி, "நல்லதுதானே" என்றார். அண்ணன் தண்ணீர் குடித்தான், தொண்டையைச் செருமினான், "பாக்கலாம் குட்டிம்மா" என்றான். எங்கள் வீட்டில் 'பாக்கலாம்' என்றால் 'நடக்கவே நடக்காது' என்று அர்த்தம்.

நான் விடுவேனா? தரகரின் பட்டியலிலேயே தேட ஆரம்பித்தேன். ஒரு மாடி வீடு வாகாக இருந்தது. ஆபீஸிலிருந்து நடக்கிற தூரம், இரண்டு அறை, ஒரு பால்கனி. கீழே வீட்டுக்காரம்மா மட்டும் குடியிருக்கிறார். போட்டோக்களுக்கு இன்னும் விவரம் எழுதவில்லை. "அண்ணா, இதுக்கு மொதல்ல எழுதிடு. எனக்கே வேணும் போல இருக்கு" என்றேன், குஷி தாங்காமல்.

மறுநாள் காலையில் வாயாடி படித்தாள்.

"மாடிப்படி. கைப்பிடி இல்லை. நடுவில் சில படிகள் உடைந்துள்ளன. பால்கனி. கம்பித் தடுப்பு முழங்கால் உயரம் மட்டுமே. கீழே தார் ரோடு. குளியலறை. தரை முழுக்கப் பாசி."

அட ஆண்டவனே என்று இருந்தது. சரி, போகட்டும், மாடிதானே வம்பு என்று தரை வீடு ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதச் சொன்னேன். வாசலுக்கு நேராக மூடியில்லாத தொட்டியாம். இன்னொன்றைச் சொன்னேன். அதில் ஹால் சுவரிலிருந்து கைக்கு எட்டுகிற உயரத்தில் மின்சார வயர்கள் தொங்குகின்றனவாம். நான் ஆசைப்பட்ட வீடெல்லாம் என்னைக் கொல்வதற்கென்றே கட்டியது போல இருந்தது. நான் சீந்தாத வீடுகளோ ஒவ்வொன்றும் அரண்மனை. என் ராசி அப்படி என்று நொந்துகொண்டேன்.

"விடு குட்டிம்மா. நமக்குன்னு ஒரு வீடு வராமலா போகும்?" என்று அண்ணன் என் தலையைத் தடவிக் கொடுத்தான். அவ்வளவு ஆறுதலாகச் சொன்னான், திருடன்.

ஒரு கட்டத்தில் தேடுவதையே நிறுத்திவிட்டேன். கண் தெரியாதவள் தனியாக இருக்கிற மாதிரி வீடே உலகத்தில் கட்டுவதில்லை போலிருக்கிறது, அண்ணன் சொல்கிறதுதான் சரியோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது. நடந்த எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன். அப்படி என்னை நினைக்க வைத்ததை மட்டும் இன்னும் முழுசாக மன்னிக்க முடியவில்லை.

வெப்சைட்டைத் திறந்துவைப்பதற்கு முன்னால் நாலு பேரிடம் கொடுத்து ஓட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். அதில் ஒருத்தி என் தோழி. என்னைப் போலவே கண் தெரியாதவள். பியானோவுக்குச் சுருதி சேர்க்கிற வேலை, ஆகவே எல்லாருக்கும் அவள் சுருதிதான். புதிதாகக் கல்யாணம் ஆனவள். வீட்டுக்காரர் பஸ் டிரைவர். அவருக்குக் கண் நன்றாகவே தெரியும், இல்லாவிட்டால் பஸ்ஸைக் கொடுப்பார்களா? இரண்டு பேரும் வீடு வேறு தேடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பார்க்க இவள் கேட்க, எங்கள் வெப்சைட்டை ஓட்டியிருக்கிறார்கள். மதியம் எனக்குப் போன் வந்தது.

"ஏய், உங்க வெப்சைட்டால எங்க வீட்ல சண்டைடி."

"என்ன சண்டை?"

"மாடி வீடு ஒண்ணு இருக்கே, பால்கனி வச்சது. இவரு ஆஹா ஓஹோங்கறாரு. என் காதுல பாசி, ஒடஞ்ச படி, முழங்கால் உயரக் கம்பினு விழுது. அந்த வீடு புடிச்சுப்போய் எங்கிட்ட அள்ளிவிடறீங்களானு கேட்டேன். மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு."

பின்னாலிருந்து டிரைவரின் குரல் வந்தது. "நான் எதுக்குங்க பொய் சொல்றேன்? பாத்ரூம் தரை பளபளன்னு இருக்கு. படிக்கு ரெண்டு பக்கமும் கைப்பிடி இருக்கு. கம்பி என் நெஞ்சு வரைக்கும் வரும். தாலி கட்டி இன்னும் ஒரு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள என்னைப் புளுகன் ஆக்கிட்டா!"

"ரெண்டு பேரும் ஒரே வீட்டத்தான் பாக்கறீங்களா?" என்று கேட்டேன்.

"ஒரே பக்கம்தான்டி. வீடுதான் ரெண்டா இருக்கு" என்றாள் சுருதி.

போனை வைத்துவிட்டுப் பளபளாவைக் கூப்பிட்டேன். மாடி வீட்டுப் போட்டோவில் என்ன தெரிகிறதோ அதைச் சொல்லச் சொன்னேன். "புது வீடுக்கா. நல்லா இருக்கு. படிக்குக் கைப்பிடி இருக்கு. பால்கனிக் கம்பி நல்ல ஒசரம். ஏன்க்கா?" என்றான். பின்னால் எழுதியிருப்பதைத் திறந்து படிக்கச் சொன்னேன். கீபோர்டு தட்டுகிற சத்தம் வந்தது.

"அக்கா... இது சார் எழுதினது."

"தெரியும். நீ கீழ போய் கொஞ்சம் காத்து வாங்கிட்டு வா."

அவன் ஓடியே போனான். நான் வாயாடியின் சத்தத்தை முழுசாக ஏற்றிவைத்து, அண்ணன் உள்ளே நுழைகிற வரை காத்திருந்து, தட்டிவிட்டேன். "பால்கனி. கம்பித் தடுப்பு முழங்கால் உயரம் மட்டுமே. கீழே தார் ரோடு" என்று அவள் அறையே அதிரச் சொன்னாள். அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இத எழுதினது யாரு?"

"குட்டிம்மா, நான் சொல்றத..."

"குட்டிம்மா அப்புறம். யாரு எழுதினது?"

"நான்தான்."

"ஏன்?"

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "பயமா இருந்துச்சு" என்றான். "நீ அந்தப் படியில ஏறி எறங்குறத நினைச்சாலே எனக்குக் கை கால் ஓடல. ராத்திரி அடுப்ப அணைச்சாளா, கீழ விழுந்து கெடந்தா யாரு தூக்குவாங்கன்னு... நீ கேட்ட ஒடனே எழுத உக்காந்தேன். கை தானா அப்படிப் போயிடுச்சு."

"வேணாம்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே. கத்தியிருக்கலாமே. நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கீழேருந்து டாக்டர் வந்து நம்ம ரெண்டு பேரையும் திட்டியிருப்பாரு. அதோட போயிருக்கும்."

"சொன்னா நீ கேக்க மாட்ட."

"அதனால நான் மட்டும் கேக்கற எடத்துல பொய் எழுதி வச்சிட்ட. அது யாரு கண்ணுக்கும் படாது. யாரும் உன்னைக் கேக்க மாட்டாங்க. உனக்கு அந்த வீட்டப் பாக்க போட்டோ இருக்கு, ஜன்னல் இருக்கு, நேர்ல போனா ஆயிரம் இருக்கு. எனக்கு இருக்கறது அந்த ஒரு வரிதான் அண்ணா. அதுலயே கை வச்சிட்டியே."

இதைச் சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் அழுகிறேனா, வருத்தத்தில் அழுகிறேனா என்று தெரியவில்லை. மூக்கு மட்டும் இரண்டுக்கும் சேர்த்து ஒழுகியது. அண்ணனும் மூக்கை உறிஞ்சினான். இரண்டு பேருக்கும் இருந்தது ஒரே கைக்குட்டை, அதுவும் அவனுடையது. அதை அவன் நீட்ட, நான் தட்டிவிட, பிறகு வேறு வழியில்லாமல் கீழே தடவி எடுத்துச் சிந்திக்கொண்டேன்.

"சுருதி ஒனக்கு என்ன பண்ணா?" என்று கேட்டேன்.

"அவளா? அவ எங்க வந்தா இதுல?"

"அவளும் இதக் கேட்டிருக்கா. புருஷனப் பொய்யன்னு சொல்லி ரெண்டு பேரும் இன்னிக்குப் பேசிக்கல. இத நீ ஊருக்கே தொறந்து விட்டிருந்தா, என்னை மாதிரி எத்தன பேரு அந்த வீட்ட வேணாம்னு விட்டிருப்பாங்க?"

அண்ணன் அதை யோசிக்கவே இல்லை. அவன் கணக்கில் இந்த உலகத்தில் கண் தெரியாதவள் நான் ஒருத்திதான். "ஐயையோ" என்று மட்டும் சொன்னான். அந்த 'ஐயையோ' மனதார வந்தது. எனக்குக் கோபம் பாதி இறங்கியது அப்போதுதான். மீதியை வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

வீட்டில் அண்ணி எல்லாவற்றையும் கேட்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், அவர் கத்தவே இல்லை. "அந்தப் பொண்ணு உங்கள நம்பித்தானே காதைக் குடுத்துச்சு" என்று மட்டும் அண்ணனிடம் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அண்ணனுக்கு அது போதும். என் கூச்சலுக்குக் கலங்காதவன் அதற்கு ஆடிப்போனான்.

மறுநாள் காலை அண்ணன் எனக்கு முன்னால் எங்கேயோ கிளம்பிப் போய்விட்டான். நான் ஆபீஸில் உட்கார்ந்து வெப்சைட்டைத் திறந்தபோது நான் கேட்ட மூன்று வீடுகளின் விவரங்களும் மாறியிருந்தன. மாடி வீட்டை வாயாடி படித்தாள்.

"மாடிப்படி. இரண்டு பக்கமும் கைப்பிடி. படிகள் எல்லாம் ஒரே உயரம். கடைசிப் படியில் மட்டும் விளிம்பு கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. பால்கனி. கம்பித் தடுப்பு நெஞ்சு உயரம். உறுதியாக இருக்கிறது. ஆட்டிப் பார்த்தேன்."

ஆட்டிப் பார்த்தேன். ஆல்ட் டெக்ஸ்டில் அப்படியெல்லாம் எழுதக்கூடாது என்று எத்தனையோ பேருக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன். இதைத் திருத்தவில்லை. இன்னும் அப்படியேதான் இருக்கிறது, வேண்டுமானால் வந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

சுருதிக்குப் போன் போட்டு, உன் வீட்டுக்காரர் உத்தமர், போய்க் காலில் விழு என்று சொன்னேன். மாடி வீடு உனக்கு வேண்டுமா என்றும் கேட்டேன். நியாயமாகக் கேட்க வேண்டுமல்லவா, உள்ளுக்குள் பதறிக்கொண்டேதான் கேட்டேன். "எனக்கு வேணாம்டி. பியானோ அந்தப் படியில ஏறாது" என்றாள். அவள் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்.

சாயங்காலம் நானும் அண்ணனும் அண்ணியும் வீட்டைப் பார்க்கப் போனோம். படியைக் காலால் பார்த்தேன். கம்பியைப் பிடித்து நானும் ஒரு ஆட்டு ஆட்டினேன். அசையவில்லை. சமையலறையில் கையை நீட்டினால் எல்லாம் கைக்கெட்டியது. ஜன்னலைத் திறந்தால் எதிர்ப்புறம் ஒரு பள்ளிக்கூடம், பிள்ளைகள் வீட்டுக்குப் போகிற கூச்சல். எனக்குப் பிடித்துவிட்டது. அவ்வளவு பிடித்துவிட்டதால் வாயே திறக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் அண்ணி பயந்துபோனாராம்.

வீட்டுக்காரம்மா என்னைத் தாண்டி அண்ணனிடம் பேசினார். "தனியாவா இருக்கப் போறாங்க? அடுப்பு இருக்கு, கரண்டு இருக்கு. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? கூடப் பொறந்தவரு நீங்க, நீங்க என்ன சொல்றீங்க தம்பி?"

அண்ணன் இப்போது ஒன்றும் பெரிதாகச் செய்ய வேண்டாம். லேசாக ஒரு இழுவை இழுத்தால் போதும், வீடு கையை விட்டுப் போய்விடும். அவன் ஆசைப்பட்டதும் நடந்துவிடும். பொய் சொன்ன பழியும் வராது. அண்ணன் தொண்டையைச் செருமினான். அந்தச் செருமல் எனக்குத் தெரியும். 'பாக்கலாம்' வருவதற்கு முன்னால் வருகிற செருமல் அது.

"என்கிட்ட கேக்காதீங்கம்மா" என்றான். "இந்த விஷயத்துல நான் பொய் சொல்றவன். அவகிட்டயே கேளுங்க. அவ சொன்னா சரியா இருக்கும்."

வீட்டுக்காரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணி இருமுவது போலச் சிரித்தார். வேறு வழியில்லாமல் அந்தம்மா என் பக்கம் திரும்பினார். அடுப்பு எப்படிப் பற்றவைப்பேன், குப்பையை எங்கே போடுவேன், ஆள் வந்தால் எப்படித் தெரியும் என்று சகட்டுமேனிக்குக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில், "சத்தம் கித்தம் போடுவீங்களா?" என்றார்.

"போடுவேன்மா. அத மட்டும் இப்பவே சொல்லிடறேன்."

"பரவால்ல. எனக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்றார். வீடு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாமான்களை ஏற்றினோம். பளபளா கட்டிலைத் தூக்கிவந்து, எங்கே போட்டால் அழகாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே நின்றான். எங்கே போட்டால் நான் முட்டிக்கொள்ள மாட்டேனோ அங்கே போட வைத்தேன். சுருதியும் அவள் வீட்டுக்காரரும் வந்து பால்கனியில் நின்றுகொண்டு, யார் சொன்னது சரி என்று மறுபடியும் ஒரு சுற்றுச் சண்டை போட்டார்கள். எல்லாரும் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். அண்ணி என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, "ஒன் சமையல நீயே சாப்பிடு, அப்பத்தான் என் அருமை தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசியாக அண்ணன்.

"வரேன் குட்டிம்மா."

"வா அண்ணா."

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. படியில் செருப்புச் சத்தம் கேட்கவில்லை.

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. என் அருமை அண்ணன் கதவை உள்ளே இருந்து சாத்திவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தான். எனக்கு ஜிவ்வென்று ஏறியது. இவனுக்கு எத்தனை தடவை சொன்னாலும் ஏறாதா? கத்தத்தான் வாயைத் திறந்தேன். என்னவோ தோன்றி மூடிக்கொண்டேன். பார்க்கட்டும், ஒரு தடவை கண்ணாரப் பார்த்துவிட்டே போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சமையலறைக்குப் போனேன். அடுப்பைப் பற்றவைத்தேன். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, டீத்தூளும் சர்க்கரையும் போட்டு, கொதிக்கிற சத்தம் மாறுகிற வரை நின்று, இறக்கி, வடிகட்டினேன். கோப்பையின் விளிம்பில் ஒரு விரலை வைத்துக்கொண்டு ஊற்றினேன். அடுப்பை அணைத்தேன். நின்றபடியே ஒரு வாய் குடித்தேன். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகிவிட்டது, அதை அவனிடம் காட்டிக்கொள்ளவில்லை.

"அண்ணா," என்றேன், "மூச்ச விடு. நின்ன நெலையில செத்துத் தொலையாத."

புஸ்ஸென்று மூச்சு விட்டான். "இல்ல குட்டிம்மா... செருப்பத் தேடிட்டிருந்தேன்."

"கண்ணு தெரியற ஒனக்கு ஒரு செருப்பு எடுக்க இவ்வளவு நேரமா?"

சிரித்துவிட்டான். சிரிப்பு பாதியில் உடைந்தது. "நல்லாத்தான் போடறடி டீ" என்றான். "எனக்குத் தெரியாமலே போச்சு."

"காலிங் பெல் வச்சிருக்கேன். அடுத்த தடவ அத அடிச்சிட்டு வா. இப்ப கெளம்பு, அண்ணி கீழ ஹார்ன் அடிக்கறாங்க."

போனான். இந்த முறை செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாக இறங்கியது. கடைசிப் படியில் ஒரு கணம் நின்று, பிறகு அதையும் இறங்கியது.

நான் கதவருகே போய்த் தாழ்ப்பாளைத் தடவித் தேடினேன். அண்ணன் வீட்டில் என் அறைக்குத் தாழ்ப்பாளே கிடையாது. குளியலறையில் இருந்தது. ஆனால் வழுக்கி விழுந்தால் எப்படி உள்ளே வந்து தூக்குவது என்று சின்ன வயதிலிருந்தே யாரும் என்னைப் போட விட்டதில்லை. இத்தனை வருஷமும் நான் ஒருக்களித்த கதவுக்குப் பின்னால்தான் குளித்தேன், துணி மாற்றினேன், அழவேண்டியிருந்தால் அழுதேன். நான் என்ன செய்துகொண்டிருந்தாலும் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், வந்தது எனக்குத் தெரியாமலும் போகலாம்.

தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. இரண்டு கையாலும் தள்ளினேன். டக்கென்று விழுந்தது. கீழே வண்டி கிளம்பித் தெரு திரும்புகிற வரை கதவில் சாய்ந்துகொண்டு நின்றேன். பயமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. அப்புறம் சும்மா இருக்க முடியாமல் தாழ்ப்பாளைத் திறந்து, இன்னொரு தடவை போட்டேன்.